பிரையனின் பிஸ்கட் பேணியும் எங்கள் சங்கமும்

போன கிழமை நித்யா தொலைபேசி எடுத்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஒக்லாந்து நகரத்து மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்த காலத்துப் பழக்கம். இப்போது நகரத்தில் ஒரு பெரிய மென்பொருள் கம்பனியில் வேலை. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஊழியர் குழு ஒன்று வைத்திருக்கிறார்களாம். கம்பனியே அதற்கு அறையும் மதியச் சாப்பாடும் கொடுக்கிறதாம்.

"அங்கிள், எண்பதுகள்லயே நீங்க இந்த ஊர்ல ஒரு குழு ஆரம்பிச்சீங்கன்னு ரஞ்சி ஆன்ட்டி சொன்னாங்க. அதுவும் அமெரிக்கக் கறுப்பின ஊழியர் சங்கத்தோட கிளையாமே. அந்தத் துணிச்சல் எப்படி வந்துச்சுன்னு எங்க ஆளுங்ககிட்ட நீங்க பேசணும்."

துணிச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அடுப்படியில் நின்ற என் மனைவி ரஞ்சி சிரித்த சிரிப்பு நித்யாவின் காதிலும் விழுந்திருக்கும். நான் பேச்சை மாற்ற, அவளுடைய பதவி உயர்வு என்னவாயிற்று என்று கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க அங்கிள். போன வருஷமும் அதான் சொன்னாங்க" என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

உண்மை என்னவென்றால் நான் எதையும் தொடங்கவில்லை. என் மேலாளர் பிரையன் ஒரு டெலெக்ஸை, அதாவது அந்தக் காலத்துத் தந்தியை, பிழையாக வாசித்தார். நான் ஒரு சொல்லைப் பிழையான நேரத்தில் சொன்னேன். அந்த இரண்டு பிழைக்கும் நடுவில் டாவிட்டா என்ற மனிதனின் வாழ்க்கை நேராகியது. மேடையில் ஏறினால் எனக்குப் பாதி மறந்துவிடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், கொழும்பில் மின்னணுவியல் டிப்ளோமா, பிறகு ஒரு விண்ணப்பம், ஒரு விசா, குளிர். நியூசிலாந்துக்கு வந்து, ஒக்லாந்தில் ஓர் அமெரிக்கக் கணினிக் கம்பனியின் கிளையில் பழுதுபார்க்கும் பொறியியலாளராகச் சேர்ந்தேன். அந்தக் காலத்துக் கணினி உடுப்பு அலுமாரி அளவில் இருக்கும். வாடிக்கையாளரின் கட்டடத்தில் அதற்கென்று குளிரூட்டிய அறை ஒன்று உண்டு. அதற்குள் மனிதர் நடுங்குவார்கள், கணினி சுகமாக இருக்கும். அது நின்றுபோனால் பொறியியலாளர் கருவிப்பெட்டியோடு காரில் ஓடவேண்டும். என்னை மட்டும் ஓடவிடவில்லை. என் உச்சரிப்பு வாடிக்கையாளருக்கு விளங்காது என்று பிரையன் தீர்மானித்திருந்தார். மற்றவர்கள் கழற்றிக்கொண்டு வரும் பாகங்களைப் பின்னறையில் குந்தியிருந்து திருத்துவதுதான் என் வேலை.

பிரையன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் கோபப்படுவது சுலபம். மேலே வெள்ளைச் சட்டையும் டையும், கீழே அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்த நீளச் சொக்ஸும் போடுவார். அப்போது இங்கே கந்தோரில் வேலை செய்த ஆண்கள் பலருக்கு அதுதான் மரியாதையான உடுப்பு. இடுப்புக்கு மேலே வங்கி முகாமையாளர், கீழே பள்ளிக்கூடப் பையன். தன்னை "சேர்" என்று மரியாதையாகக் கூப்பிட விடமாட்டார். என் பெயர் பரமேஸ்வரன். அது அவர் வாய்க்குள் போய்ப் பெர்ரி என்று வெளியே வந்தது.

அவரிடம் முறைப்பாடு கொண்டுபோவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நாம் கதவில் தட்டுவோம். "வா பெர்ரி, உட்கார்" என்பார். கேத்தலைப் போடுவார். அது கொதிக்கும்வரை மழையைப் பற்றிக் கதைப்பார். தேநீர் வந்ததும் மேசை லாச்சியைத் திறந்து, மூடியில் பூப்போட்ட ஒரு தகர பிஸ்கட் பேணியை எடுத்து நம் பக்கம் தள்ளுவார். உள்ளே இஞ்சி பிஸ்கட். பல்லை உடைக்கிற மாதிரிக் கடினம். தேநீரில் தோய்த்துக் கொஞ்ச நேரம் பிடித்தால்தான் கடிக்கலாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் ரக்பியில் இறங்கிவிடுவார். பிஸ்கட் இளகும்போது நாம் கொண்டுபோன விஷயமும் இளகிவிடும். வாய் நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு யார்தான் நியாயம் கேட்பது? "எல்லாம் சரிவரும்" என்று தோளில் தட்டி அனுப்புவார். வெளியே வந்து மேசையில் இருந்த பிறகுதான் போன காரியம் நினைவுக்கு வரும்.

டாவிட்டா அந்த அறையில் என்னைவிடக் கூடப் பிஸ்கட் தின்றவன். சமோவாக்காரன், கதவு நிலையை நிறைத்துக்கொண்டு வரும் உடம்பு. களஞ்சியத்தில் உதிரிப்பாகங்களுக்குப் பொறுப்பு. மாலை வகுப்புக்குப் போய்ப் பயிலுநர் பொறியியலாளருக்கான பரீட்சையைப் பாஸ் பண்ணியிருந்தான். ஒவ்வொரு முறை பயிலுநர் இடம் வந்தபோதும், "அடுத்த முறை பார்ப்போம். நீ இல்லாமல் களஞ்சியம் இடிந்துவிடும். பிறகு வாடிக்கையாளர்கள், தெரியும்தானே" என்பார் பிரையன். கம்பனி விதிப்படி முப்பது வயதுக்குப் பிறகு பயிலுநராக எடுக்கமாட்டார்கள். அந்த வருடக் கடைசியில் டாவிட்டாவுக்கு முப்பது.

இதைவிடப் பெரிய தலையிடி அவனுடைய அம்மா. ஒடாஹுஹுவில் அவர்களுடைய தேவாலயத்தில், தன் மகன் கணினிக் கம்பனியில் பொறியியலாளர் என்று அவன் பரீட்சை எழுதிய கிழமையே அவர் சொல்லிவிட்டார். அதனால் டாவிட்டா ஞாயிற்றுக்கிழமையில் பொறியியலாளர், திங்கட்கிழமையில் களஞ்சியக்காரன். சபையில் யாராவது கணினியைப் பற்றிக் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவதாக என்னிடம் சொன்னான்.

"அம்மாவைப் பொய்காரியாக்கிக்கொண்டு எத்தனை நாளைக்கு முன்வரிசையில் உட்காருவது?" என்று ஒருநாள் கேட்டான். அவன் சிரிக்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவிலிருந்து அந்த டெலெக்ஸ் வந்தது. கம்பனியின் தலைமையகத்தில் கறுப்பின ஊழியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்திவந்தார்கள். வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றலாகிப் போன தங்கள் ஆட்கள் தனித்துவிடக் கூடாது என்று, அங்கெல்லாம் இருக்கும் எல்லாக் கறுப்பின ஊழியர்களின் பெயர்களையும் கேட்டிருந்தார்கள். டெலெக்ஸில் எல்லாமே பெரிய எழுத்து. இந்த நாட்டு ரக்பி அணி தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்புப் போடுகிற அணி; பெயரும் நிறத்தால் வந்ததுதான். ஆங்கிலத்தில் "எல்லாக் கறுப்பின" என்று வந்த அந்த டெலெக்ஸின் முதல் இரண்டு சொற்களும் தற்செயலாக அந்த அணியின் பெயராகவே அமைந்துவிட்டன. பிரையன் அதற்கு மேல் வாசிக்கவில்லை. வாசிக்க அவசியம் இருக்கவில்லை. கடைசியில் அமெரிக்கர்களுக்கும் புத்தி வந்துவிட்டது, அந்த அணியில் ஆடுபவர்கள் நம்மிடம் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள் என்று கந்தோர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் அனுப்பிய பதில் பிறகு எங்களுக்குக் கிடைத்தது. "தற்போது எவரும் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். டாவிட்டா என்பவர் ஒருமுறை மாகாண அணித் தேர்வுக்குப் போய் முழங்காலில் அடிபட்டுத் திரும்பினார். எங்களிடம் உள்ளவர்களில் அவரே மிக நெருங்கியவர்."

அமெரிக்காவில் இதை எப்படி விளங்கிக்கொண்டார்களோ தெரியாது. யாரோ ஒரு மனிதன் எதற்கோ போராடி அடிபட்டிருக்கிறான் என்று எண்ணியிருக்கவேண்டும். அடுத்த மாதம் டாவிட்டா பெயருக்கு ஒரு பெரிய உறை வந்தது. சங்கத்தின் விதிகள், சட்டையில் குத்தும் சின்னம் ஒன்று, ஒக்லாந்துக் கிளையின் தலைவராக அவனை வரவேற்கிறோம் என்று ஒரு வாழ்த்து. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனுடைய அம்மா, மகன் அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்குத் தலைவராகிவிட்டான் என்று தேவாலயத்தில் அறிவித்தார்.

"பிழையாக அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம்" என்றேன் நான்.

"சொல்லலாம்" என்றான் டாவிட்டா. விதிகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். "ஆனால் முதலில் இதை வாசி. இவர்கள் பிரையனைப் பார்த்ததே இல்லை. உயர்வைத் தள்ளிப்போடும் மேலாளரைப் பற்றி எப்படி இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார்கள்?"

அப்படித்தான் நான் செயலாளர் ஆனேன். சங்கத்துக்குப் பொறுப்பானவர் டாரெல் என்பவர், பசுபிக் கிளைகளின் சேவைத் தரத்தைப் பார்வையிட அடுத்த மாதம் எப்படியும் ஒக்லாந்து வருகிறார், அதற்கு முதல் தொலைபேசியில் கதைப்பார் என்று தகவல் வந்தது. டாவிட்டா வீட்டில் பிள்ளைகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கந்தோரில் பிரையன் இருப்பார். என் வீட்டு எண்ணைக் கொடுத்தோம்.

அழைப்பு காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. தொலைபேசி வீட்டு நடையில், ரஞ்சி அடுப்படியில். அமெரிக்காவிலிருந்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும்; நாம் சொல்வது போய்ச் சேரக் கொஞ்சம் பொறுக்கவேண்டும். டாரெல் மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். தான் வரும்போது கிளை உறுப்பினர்களை எங்கே சந்திக்கலாம், கந்தோரிலா, ஹோட்டலிலா என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேருங்கோ, புட்டுக்குச் சம்பலும் இடிக்கட்டோ?" என்று அடுப்படியிலிருந்து ரஞ்சி கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

பிறகு டாரெலின் குரல் மாறிப்போய் வந்தது. "ஹோம்? உங்கள் வீட்டிலேயா? நிச்சயமாகவா?"

"உறைப்பு கூடப் போடட்டோ?" என்றாள் ரஞ்சி.

"ஓம், ஓம்."

"கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்றார் டாரெல்.

இப்படியாக, தலைமையகத்திலிருந்து வரும் ஓர் அதிகாரியை மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் இரண்டு அறை வாடகை வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டேன். நான் சொன்னது ஆமாம் என்பதற்கான யாழ்ப்பாணத்துச் சொல், அதுவும் சம்பலுக்குச் சொன்னது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ரஞ்சி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் திரைச்சீலையைத் தோய்க்கப் போட்டாள்.

டாரெல் வந்த அன்று பிரையனே விமான நிலையம் போய், ஒரு ரக்பிப் பந்தைப் பரிசாகக் கொடுத்து அவரைக் கூட்டிவந்தார். கந்தோர்ச் சுவரில் இருந்த அணியின் படத்தைக் காட்டி, உங்கள் தலைமையகம் இவர்களில் இவ்வளவு அக்கறை எடுப்பது எங்களுக்குப் பெருமை என்றார். டாரெல் படத்தைப் பார்த்தார். பிரையனைப் பார்த்தார். பிறகு களஞ்சியக் கதவில் சட்டையில் சின்னத்தோடு நின்ற டாவிட்டாவையும், அவன் பின்னால் பாதி மறைந்து நின்ற என்னையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த மனிதருக்கு அந்தப் பயிற்சி நிறைய இருந்திருக்கிறது.

பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு பந்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சம்பல் உட்பட. நாங்கள் உங்கள் ஆட்கள் இல்லை, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்றேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். "எங்கள் கதை எங்களுடையது. அதை உங்களுக்குத் தர முடியாது, நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் சங்கம் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். எங்கள் கம்பனியில் கட்டடத்துக்கு ஒருவர் இருவர் என்று இருந்தோம். உயர்வு கிடைக்காதபோது ஒவ்வொருவரும் தன்னில்தான் குறை என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் ஒருவருடைய வீட்டில் கூடிக் கதைத்தபோதுதான், எல்லோருக்கும் ஒரே பதில் ஒரே சொற்களில் சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. அதனால்தான் வீட்டுக்கு வாருங்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு என்ன சொன்னார்கள்?"

நானும் டாவிட்டாவும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம். "வாடிக்கையாளர்கள், தெரியும்தானே." சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அதை நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

அவர்களுடைய முறை இரண்டே விதிதான். முதலாவது, ஒருவரும் தனக்காகக் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் கேட்கவேண்டும். இரண்டாவது, போவதற்கு முதல் ஒருமுறை நடித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் மேலாளராக இருக்கவேண்டும். முதல் விதி டாவிட்டாவுக்கு உடனே பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊரில் பெரியவருக்காகப் பேசுவதற்கென்றே ஒருவர் இருப்பாராம். எனக்குத்தான் கஷ்டம். யாழ்ப்பாணத்தானுக்குத் தன் கெட்டித்தனத்தைத் தானே சொல்லாவிட்டால் நித்திரை வராது.

மேலாளராக நடிக்க டாரெல் எழுந்தார். "நீங்கள் இருங்கோ, அந்தாளை எனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று ரஞ்சி வந்து உட்கார்ந்தாள். அவள் பிரையனைக் கண்டதில்லை. ஆனால் நான் தினமும் சாப்பாட்டோடு அவருடைய கதையையும் பரிமாறியிருந்தேன். சேலையை முழங்கால்வரை இழுத்த சொக்ஸ்போலத் தடவிவிட்டுக்கொண்டாள். "வா பெர்ரி. மழை வரும்போல இருக்கிறது" என்றாள். முறுக்குப் பேணியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். டாவிட்டாவும் எடுத்தான். அவள் ரக்பியைப் பற்றி ஏதோ சொன்னாள், நாங்கள் தலையாட்டினோம். "எல்லாம் சரிவரும்" என்று எழுந்தாள். கதை முடிந்தது. நாங்கள் முறுக்கோடு உட்கார்ந்திருந்தோம்.

டாரெல் மூன்றாவது முறையாகப் புட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார். "எனக்கு விளங்கிவிட்டது. பிஸ்கட்டை எடுக்காதீர்கள். பதில் வரும்வரை எடுக்காதீர்கள்."

டாரெல் ஊர் திரும்பிய மறுநாள் நாங்கள் இருவரும் பிரையனின் கதவில் தட்டினோம். கேத்தல் கொதித்தது. மழை வந்து போனது. பேணி எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

"எடுங்கள்" என்றார் பிரையன்.

"பிறகு" என்றேன்.

அவர் பேணியை இன்னும் கொஞ்சம் தள்ளினார். அது என் பக்க விளிம்புக்கு வந்துவிட்டது. இஞ்சி வாசம் மூக்கில் அடித்தது. "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நாங்கள் இல்லை என்றோம். பேணிக்குப் பிறகு அவரிடம் வேறு வழி கிடையாது. கடைசியில் சின்னத்தைப் பார்த்தபடி, "இது ரக்பிச் சங்கம் இல்லைதானே?" என்றார்.

"இல்லை" என்றான் டாவிட்டா.

நான் கதைக்கத் தொடங்கினேன். டாவிட்டா பாஸ் பண்ணிய பரீட்சை, அவனுக்குப் பிறகு வந்து அவனுக்கு முன்னே போனவர்கள், முப்பது வயது விதி, களஞ்சியத்துக்கு யாரைப் போடலாம் என்பதுவரை சொன்னேன். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அது ஒன்று.

"எனக்கு ஆட்சேபம் இல்லை பெர்ரி. வாடிக்கையாளர்கள், தெரியும்தானே" என்றார் பிரையன்.

"எந்த வாடிக்கையாளர்?"

அவர் விழித்தார். அதை யாரும் கேட்டதில்லை. யோசித்து, எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பொல்லாத இடத்தின் பெயரைச் சொன்னார். ஒடாஹுஹுவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை. அங்கே சம்பளப் பிரிவுத் தலைவியாக இருந்த லேயா என்ற அம்மா, அனுப்பிய பொறியியலாளர் பிடிக்காவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர். "கேட்டுப்பாருங்கள்" என்றேன். தொலைபேசி மேசையில்தான் இருந்தது. அந்த அம்மா மாட்டேன் என்று சொன்னால் டாவிட்டாவின் கதை அந்த அறையிலேயே முடிந்துவிடும். டாவிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரையன் எண்ணைச் சுழற்றினார். அடுத்த முறை கணினி பழுதானால் டாவிட்டாவை அனுப்பினால் பரவாயில்லையா என்று கேட்டார். லேயாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"டாவிட்டாவா? எங்கள் சபை டாவிட்டாவா? தலைமைப் பொறியியலாளரே வருகிறாரா? ஏன், எங்கள் கணினிக்கு அவ்வளவு பெரிய வருத்தமா?"

பிரையன் தொலைபேசியை மெல்ல வைத்தார். "அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம்" என்றார். "ஆனால் சின்னப் பழுதுகளுக்கு அவரைத் தொந்தரவு செய்யவேண்டாமாம்."

டாவிட்டாவின் காதுகள் சிவந்துபோயின. அம்மா பொறியியலாளர் என்று சொன்னது தெரியும். தலைமைப் பொறியியலாளராக உயர்த்தியது அவனுக்கே தெரியாது. பிரையன் பேணியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, தேநீரில் தோய்க்காமல் கடித்தார். "முதலில் உன்னைப் பயிலுநர் ஆக்கவேண்டும்" என்றார். "திங்கட்கிழமை தொடங்கு."

நான் எழுந்துவிட்டேன். டாவிட்டா எழவில்லை. "இன்னும் ஒன்று" என்றான். "பெர்ரியின் உச்சரிப்பு வாடிக்கையாளருக்கு விளங்காது என்கிறீர்கள். இப்போது அவர் இவ்வளவு நேரம் கதைத்தார். ஒருதரமாவது திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்களா?"

பிரையன் வாயில் பிஸ்கட் இருந்தது. அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

என்னைப் பற்றி நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இன்னொருவன் எனக்காகச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த ஒரு வாக்கியத்துக்காக டாவிட்டாவுக்கு இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு கிழமையில் எனக்கும் கருவிப்பெட்டியும் காரும் கிடைத்தன. அன்று வெளியே வரும்போது இருவரும் ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்தோம். பல் வலித்தது.

தேவாலயத்தில்தான் பிரச்சினை வந்தது. தலைமைப் பொறியியலாளர் பயிலுநர் ஆகியிருக்கிறார் என்றால் சபையார் என்ன நினைப்பார்கள்? டாவிட்டாவின் அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. மகன் மேலாளராகிவிட்டான் என்று அறிவித்து விருந்தும் வைத்தார். விருந்தில் என்னை மகனின் உதவியாளர் என்று அறிமுகப்படுத்தினார். டாவிட்டா உண்மையிலேயே சேவை மேலாளர் ஆகப் பல வருடம் பிடித்தது. அந்தச் செய்தியைக் கேட்டு சபையில் ஒருவரும் வியக்கவில்லை. பிரையன் ஓய்வு பெறும்போது பேணியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதில் ஆணிகள் போட்டு வைத்திருந்தான்.

நித்யாவிடம் ஒரு நிபந்தனை சொன்னேன். சங்க விதிப்படி என்னைப் பற்றி நான் கதைக்க முடியாது. டாவிட்டாவைப் பற்றி நான் சொல்கிறேன், என்னைப் பற்றி அவன் சொல்லட்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. நேற்று டாவிட்டாவைக் கேட்டேன். வருகிறானாம். தொண்ணூறு தாண்டிய அம்மாவும் வருகிறாராம். எங்களை அழைத்த பெண்தான் அந்தக் கம்பனியின் தலைவி என்று அவர் ஞாயிற்றுக்கிழமையே தேவாலயத்தில் சொல்லிவிட்டாராம்.

இதை நித்யாவிடம் சொன்னபோது அவள் பயந்துபோனாள். "ஐயோ அங்கிள், எனக்கு ஒரு சின்ன புரமோஷனே இன்னும் வரல."

"அந்த அம்மா சொன்னது இதுவரைக்கும் பிழைச்சதில்லை, பிள்ளை" என்றேன். "கொஞ்சம் முந்திச் சொல்லுவா, அவ்வளவுதான். அதுவரைக்கும் ஆர் பிஸ்கட் தந்தாலும் எடுக்காதை."